ஊர்க்காரம்மா

(மரக்காணத்தில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டீர்கள். மன்னிக்கணும், இன்றைக்கு ஒரு பொய்யைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது.

உப்பளத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மழை வருகிறவரைக்கும் வெயில்தான் முதலாளி. (வெயிலுக்கு மேலே வேற முதலாளி இருக்காரு, அத வேற கூட்டத்துல பேசுவோம்.) கால் வெடிக்கும், வெடிப்பில் உப்புத்தண்ணி ஏறும். எங்கம்மா அப்படி வாரிய உப்பில்தான் நான் பட்டம் வாங்கி, பாங்கில் குமாஸ்தா ஆனேன்.

பாங்கில் யாரும் சாதியை நேராகக் கேட்பதில்லை. "எந்த ஊரு?" "மரக்காணம்." "மரக்காணத்துல எங்க?" இந்த இரண்டாவது கேள்விதான் கத்தி. "பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்று சொல்லித் தப்பிப்பேன். வீட்டில் 'இஸ்துகினு' என்கிற வாய், அங்கே 'இழுத்துக்கொண்டு' என்று திருத்திக்கொள்ளும்.

ஒருநாள் பென்ஷன் விஷயமாக அம்மா கவுண்டருக்கு வந்துடுச்சு. பக்கத்து சீட்டுக்காரர், "யாரு சார்?" என்றார். "ஊர்க்காரம்மா" என்றேன். அம்மா காதில் விழுந்தது. ஒரு நொடிதான். பிறகு என்னைப் பார்த்து, "கைநாட்டு எங்க வைக்கணும் சார்?" என்று கேட்டுச்சு. பெத்த பிள்ளையை 'சார்' என்று கூப்பிட்டு என் பொய்யைக் காப்பாற்றிவிட்டது.

அதற்குப் பிறகுதான் இரட்டைமலை சீனிவாசனின் 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தை ஒழுங்காகப் படித்தேன். 1939இல் எழுதியது. நமக்குப் பக்கத்தில் மதுராந்தகம் வட்டாரத்துக் கோழியாளம் அவர் ஊர். கோயமுத்தூரில் படித்தபோது சுமார் 400 பிள்ளைகளில் ஒரு பத்துப்பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். சாதி தெரிந்துவிடுமோ என்று பயந்து யாரோடும் பழகாமல், வெளியே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பிறகு வகுப்புக்குள் போவாராம். பிற்பாடு நீலகிரியில் கணக்கர் வேலை. நம்ம மாதிரி பேரேடு எழுதின ஆள்தான்!

அந்தப் பையன்தான் 1893 அக்டோபரில் பத்திரிகை ஆரம்பித்து, அதற்குப் 'பறையன்' என்று பேர் வைத்தார். 1900 வரை நடத்தினார். உரிமை கேட்கிறவன் பேரை ஒளித்துக்கொண்டு கேட்கமுடியாது என்பது அவர் கட்சி. அவருடைய மைத்துனர் அயோத்திதாசருக்கு இது ஒப்பவில்லை. அந்தப் பேரே எதிரி சுமத்தியது என்றார். 1907இல் தாம் தொடங்கிய பத்திரிகைக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பேர் வைத்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நூறு வருஷம் தாண்டியும் மாமன் மச்சான் வழக்கு தீரவில்லை. என் வழக்கு அது இல்லை. அவர்கள் இருவரும் எந்தப் பேரோடு நிற்பது என்று சண்டை போட்டார்கள். நான் நிற்கவே இல்லை.

ஆனால் எனக்குப் பெரிசாகப் பட்டது பத்திரிகைப் பேர்கூட இல்லை. லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்துவிட்டு வந்த மனுஷன், எண்பதை நெருங்கும் வயதில், 'நான் பயந்து வெளியே உட்கார்ந்திருந்தேன்' என்பதையும் சேர்த்து எழுதிவைத்தார் பாருங்கள், அது. அந்தப் பையனை அவர் துரத்திவிடவில்லை. நான் பயம் போகட்டும், அப்புறம் நிமிரலாம் என்று இத்தனை வருஷம் காத்திருந்தேன். பயம் போகலைங்க. இப்பவும் கை நடுங்குது, பாருங்க.

மூணாவது வரிசையில், தூண் பக்கத்தில், பச்சைச் சேலை. ஊர்க்காரம்மா இல்லை. எங்கம்மா. பேரைச் சொல்லமாட்டேன், வீட்டுக்குப் போனா திட்டும்.