மறைத்தலாகாத குடும்ப நோய்

 

சில குடும்பங்களில் ஆண் மக்கள் ஒருவர் பின் ஒருவராகப் பிஞ்சுப் பருவத்திலேயே மரணித்து விடுகின்றனர். கண்ணேறு என்பர் சிலர். பெற்றவளின் மீதே பழி சுமத்துவோரும் உளர். இத்தகைய மரணங்களுள் சிலவற்றிற்கு மருத்துவம் கூறும் காரணத்தை நாம் அறிதல் அவசியம்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் ககன்தீப் காங் உள்ளிட்ட ஆய்வாளர்கள், அந்நகரின் ஏழைக் குடியிருப்புகளில் குழந்தைகளைப் பிறந்தது முதல் தொடர்ந்து கவனித்தனர். 3 வயதிற்குள் ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளையும் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் குடல் ஒட்டுண்ணி தொற்றியிருந்தது. எதிர்ப்பாற்றல் உள்ள பிள்ளைக்கு அது தானே நீங்கிவிடும். ஆனால் 'ஹைப்பர் ஐ.ஜி.எம்.' என்னும் பிறவிக் குறையுள்ள பிள்ளையின் உடலில் அது நீங்காது தங்கி, பித்தக் குழாய்களில் ஏறி, கல்லீரலையே அழித்துவிடக்கூடும்.

இக்குறையின் பெரும்பான்மை வகை தாய் வழியாக ஆண் மக்களுக்கு வருவது. தாயோ நலமாகவே இருப்பாள். அவள் அறிந்து கொடுத்ததன்று. அவளைப் பழிப்பது அநீதி. வேறு வகைக் குறைகள் தாய், தந்தை இருவர் வழியாகவும் வரும். நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் குடும்பங்களில் அவற்றிற்கு வாய்ப்பு அதிகம்.

இதற்குச் சிகிச்சை உண்டு. இரத்த தானத்தின் பிளாஸ்மாவிலிருந்து எடுக்கப்படும் இம்யூனோகுளோபுலின் பிள்ளையைப் பல தொற்றுகளிலிருந்து காக்கும். முழுக் குணத்திற்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தேவை, சி.எம்.சி.யில் 1986 முதல் மஜ்ஜை மாற்று நடைபெறுகிறது. ஆனால் கல்லீரல் கெடுவதற்கு முன்பே செல்ல வேண்டும். 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கையும் இவ்வகைப் பிறவிக் குறைகள் சிலவற்றிற்கு உதவி வகுத்துள்ளது.

நம் பகுதியின் நிலத்தடி நீரைத் தோல் கழிவு கெடுத்ததை நாம் அறிவோம். இக்கிருமியோ மனித மலத்தாலும் கன்றுகளின் சாணத்தாலும் பரவுவது. குளோரின் இதனை எளிதில் கொல்லாது. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், சுத்திகரித்த குழாய் நீராலேயே சுமார் 4 லட்சம் பேர் நோயுற்றனர். நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி மடியும். கை கழுவுதலும் அவசியம்.

ஆகவே, பிள்ளைக்கு நிமோனியாவோ வயிற்றுப்போக்கோ மீண்டும் மீண்டும் வந்தால், சகோதரரோ தாய்மாமனோ சிறுவயதில் மரணித்திருந்தால், அதனை மருத்துவரிடம் மறைக்காது கூறுங்கள். பெண்ணின் திருமணம் தடைபடும் என்றஞ்சி மறைப்பது, அவள் பெறப்போகும் பிள்ளையின் உயிருக்கே ஆபத்தாகும். வசதியற்ற குடும்பத்திற்குத் தோள் கொடுப்பது ஜமாஅத்தின் கடமை.

வல்ல அல்லாஹ் நம் மழலையரைக் காத்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.