எக்கோ பின்னால் நிற்கட்டும்



கலாக்ஷேத்ரா இருக்கிற திருவான்மியூரில் கிதார் பெடல் பற்றிப் பேச்சான்னு நினைக்காதீங்க. மின்சார வாத்தியம் கர்நாடக மேடைக்குப் புதிதல்ல. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) இரட்டைத் தந்திகளை விட்டு, 5 ஒற்றைத் தந்திகளில் கமகத்தை வரவழைத்தார்.

கமகத்துக்கு நாதம் நீள வேண்டும். கிதாரில் அந்த வேலையைச் செய்வது கம்ப்ரஸர். அதனால் அது முன்னால். அடுத்து டிஸ்டார்ஷன். கடைசியில்தான் எக்கோ தரும் டிலே.

காரணம் நாம வகுப்பில் படித்ததுதான். டிலே லீனியர், டிஸ்டார்ஷன் நான்லீனியர். இடம் மாற்றினால் விடையும் மாறும். மத்யமாவதி வாசிக்கிறோம். டிலே முன்னால் இருந்தால், 400 ஹெர்ட்ஸ் ஷட்ஜத்தின் எக்கோவும் 450 ஹெர்ட்ஸ் ரிஷபமும் ஒன்றாக டிஸ்டார்ஷனுக்குள் போகும். வெளியே 350, 500 ஹெர்ட்ஸும் சேர்ந்து வரும். அந்த 500 அந்தர காந்தாரம்! மத்யமாவதியில் காந்தாரமே கிடையாதே!

ராக் இசையில் வேண்டுமென்றே மாற்றி வைப்பவர்கள் உண்டு. அது அவர்கள் ருசி. ஆனால், "சத்தம் கலங்குதுப்பா, புதுப் பெடல் வேணும்"னு வீட்டுப் பிள்ளை கேட்டால், பர்ஸைத் திறக்கும் முன் வரிசையை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்க. செலவில்லாத வைத்தியம்.