குழாயடி வெண்கறையும் திராவகப் புட்டியும்



தாமிரபரணி நீரிலோ காவிரி நீரிலோ பழகிய கைகள் பெங்களூருக்குக் குடிவந்ததும் முதலில் திகைப்பது, குழாயடியிலும் வெந்நீர்ப் பாத்திரத்திலும் படியும் வெண்கறையைக் கண்டுதான். எவ்வளவு தேய்த்தாலும் அது அசைவதில்லை.

இந்நகருக்கு 1933-இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கமும், 1974 முதல் காவிரியும் குடிநீர் அளித்தன. ஆயினும் புறநகர்ப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்றை நம்பி வாழும் இல்லங்கள் இன்றும் பல. பாறையிடுக்குகளில் ஊறும் அந்நீர் சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியச் சத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. நீர் கொதிக்கையிலும் உலர்கையிலும் சுண்ணாம்பு பிரிந்து ஒட்டிக்கொள்கிறது. ஆகவே அது அழுக்கன்று, சோப்புக்குக் கட்டுப்படாது. புளிப்புக்கு இளகும். பளபளப்பான ஓட்டின் மீதும் குழாயின் மீதும் எலுமிச்சைச் சாற்றைத் தடவிச் சிறிது நேரம் விட்டுத் துடைத்து, உடனே நீர் விட்டு அலம்பினால் போதும்.

பசவனகுடி, மல்லேசுவரம் போன்ற பழம் பேட்டைகளில் சிவப்புக் காவித் தரையுள்ள வீடுகள் இன்னும் உண்டு. அங்கே இந்த எலுமிச்சையும் ஆகாது. அத்தரை சிமெண்டினால் ஆனது. புளிப்பு சிமெண்டையே அரித்து மெருகைப் போக்கிவிடும். சலவைக்கல்லுக்கும் கடப்பைக்கல்லுக்கும் இதே விதிதான். நீர் சிந்தியவுடன் உலர்ந்த துணியால் துடைப்பதே அவற்றுக்கு வைத்தியம். தேங்காயெண்ணெய் பூசி மெருகேற்றுவோர், வயோதிகர் நடமாடும் வீடாயின், மிச்ச எண்ணெயை நன்றாகத் துடைத்தெடுத்தல் வேண்டும்.

பொறுமையிழந்தவர்கள் கடைத் திராவகத்தை நாடுகிறார்கள். கறை போகிறது, உண்மையே. அத்துடன் நில்லாமல், கிருமியும் ஒழியட்டும் என்று அதன்மேல் பிளீச்சிங் பவுடரையும் தூவுகிறார்கள். ஒன்று போதாது, இரண்டிருந்தால் இரட்டைப் பலன் என்ற நம் இல்லத்துக் கணக்கு இங்கே பொய்த்துவிடுகிறது. அவ்விரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு எழும். 1915-இல் பெல்ஜிய நாட்டு ஈப்ர் போர்முனையில் படைவீரர்கள்மீது ஏவப்பட்டது இதே வாயுதான்! காற்றினும் கனமானதாகையால் அது தரையை ஒட்டித் தங்கும். குந்தியமர்ந்து தேய்ப்பவரின் முகம் இருப்பதும் அங்கேதான். தொண்டை கமறினால் வாளியை எடுக்க நிற்க வேண்டாம். உடனே திறந்த வெளிக்கு வந்துவிட வேண்டும். கண் எரிந்தால் நிறைய நீரால் கழுவுக. மூச்சுத் திணறல் கண்டால் மருத்துவமனைக்கு விரைக.

திராவகத்தைக் குடிநீர்ப் புட்டியிலோ சர்பத்துப் புட்டியிலோ ஊற்றி வைக்கும் வழக்கத்தை இன்றே விட்டொழியுங்கள். தாகமெடுத்த குழந்தை புட்டியின் உருவத்தைத்தான் அறியும்.

இன்னொன்று. நம் வீடுகளில் குளியலறையைத் தேய்ப்பவர் பெரும்பாலும் நாமல்லர். வேலைக்கு வரும் அம்மாள். அவருக்குத் தமிழ் தெரியாதிருக்கலாம். சாமான்களை அவர் கையில் கொடுக்குமுன், 'ஆசிட், பிளீச்சிங் எரடன்னூ பெரெஸபேடி' என்று கன்னடத்திலேயே சொல்லிவிடுங்கள். குளியலறைக் கதவையும் சன்னலையும் நீங்களே திறந்து வையுங்கள்.