மீண்டும் வளரும் கட்டி

மூளையிற் கட்டி என்றதும் எவர்க்கும் நெஞ்சு நடுங்கும். "புற்றுநோய் அன்று, தீங்கற்ற கட்டி" என வைத்தியர் கூறியதும் அந்நடுக்கம் தணியும். ஆயின், உடலெங்கும் பரவாது என்பதே அச்சொல்லின் பொருள். மண்டையோட்டினுள் இடம் குறுகியது. மெல்ல வளரும் கட்டியும் அங்கே மூளையை நெருக்கும்.

செவி நரம்பிலே தோன்றும் கட்டியை எடுத்துக்கொள்வோம். ஒரு காது மந்தமாதல், காதில் இரைச்சல், நடையில் தள்ளாட்டம் ஆகியன அதன் அறிகுறிகள். முகத்தை அசைக்கும் நரம்பு அதனை ஒட்டியே செல்கிறது. முன்னாளில் மண்டையோட்டைத் திறப்பதன்றி வேறு வழி இருந்ததில்லை. சுவீடன் தேசத்து நிபுணர் லார்ஸ் லெக்செல் 1951 இல் வேறொரு வழியை எடுத்துரைத்தார். 1968 இல் அதற்கான கருவியும் ஆக்கப்பட்டது. பல திசைகளிலிருந்தும் வரும் காமாக் கதிர்கள் கட்டியிலே குவிகின்றன. இச்சிகிச்சை பெற்றோருள் பத்தில் ஒன்பது பேருக்குக் கட்டியின் வளர்ச்சி நின்றுவிடுகிறது.

எஞ்சியோர் நிலை யாது? கதிர்ச் சிகிச்சைக்குப் பின் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளிற் கட்டி சற்று வீங்கிப் பின் தானே சுருங்குவதுண்டு. ஆகவே, ஒரு படத்தை மட்டும் கண்டு வைத்தியர் கத்தியை எடுப்பதில்லை. தொடர்ந்து எடுத்த படங்கள் வளர்ச்சியையே காட்டினால் சத்திரசிகிச்சை வேண்டியதாகும்.

அது எளிதன்று. கதிர் பட்ட கட்டி முக நரம்பை இறுகப் பற்றியிருத்தல் கூடும். முற்றாக அகற்ற முனைந்தால் முகம் கோணலாம். கண் மூடாமற் போகலாம். எனவே, நரம்பின்மேல் ஒரு சிறு துணுக்கை விட்டு, ஏனையவற்றை அகற்றும் நிபுணர் பலர். இதனைக் குறைவேலை எனக் கருதலாகாது. முகத்தைக் காக்கும் விவேகம் அது. இழந்த செவிப்புலனோ பெரும்பாலும் மீள்வதில்லை.

நம் நாட்டில் 1956 இல் வைத்தியர் ஷெல்டன் கப்ரால் கொழும்பிலே மூளைச் சத்திரசிகிச்சைத் துறையைத் தொடக்கிவைத்தார். ஹாலிஎலைத் தோட்டங்களிலிருந்து கொழும்பு செல்வதெனில் இரண்டு மூன்று நாட்பேர் போய்விடும். "நோவில்லையே, இனி ஏன் போகவேண்டும்?" என்று பலரும் எண்ணுவது இதனாலேயே. கட்டி மீண்டும் வளரத் தொடங்கினாலும், சிறிதாயிருக்கும்போதே கண்டுகொண்டால் முக நரம்பைக் காக்கும் வாய்ப்பு மிகுதி. ஆதலின், கிளினிக் கொப்பியிற் குறித்த தினத்தைத் தவறவிடாதீர்கள். வீட்டாரும் துணை சென்று உதவுங்கள். தோட்ட நிருவாகத்தினரும் அன்று மறுக்காது விடுப்பு அளித்தல் வேண்டும்.