நீர்மேல் எழுத்து



நிலையாததை நீர்மேல் எழுத்து என்பர் நம் முன்னோர். நீச்சற் சாதனைகளும் அத்தகையனவே. எனினும், அவை அழியும் விதம் சிந்திக்கத்தக்கது.

ஆடவர் 100 மீற்றர் வண்ணத்துப்பூச்சி நீச்சலை எடுத்துக்கொள்வோம். 1972இல் மியூனிச் ஒலிம்பிக்கில் அமெரிக்கரான மார்க் ஸ்பிட்ஸ் 54.27 செக்கனில் வென்றார். 1996இல் அற்லாண்டாவில் ரஷ்யரான டெனிஸ் பங்கிராத்தோவ் அதனை 52.27 ஆக்கினார். மேற்பரப்பின் அலைத்தடையைத் தவிர்க்க, நீருள் மூழ்கியவாறே நெடுந்தூரம் செல்வது அவர் உபாயம். 1998இல் விதி குறுக்கிட்டது: 15 மீற்றருக்குள் தலை மேலெழ வேண்டும். மறு ஆண்டே அவுஸ்திரேலியரான மைக்கல் கிளிம், அவ்விதிக்கு அமைந்து 51.81 செக்கனில் நீந்தினார்.

2009இல் உரோமில் அமெரிக்கரான மைக்கல் பெல்ப்ஸ் 49.82 செக்கனில் நீந்தினார். நீந்துவோரை மிதக்கச் செய்யும் விசேட உடைகள் மலிந்திருந்த காலம் அது. 2010இல் அவை தடைசெய்யப்பட்டன. அச்சாதனை பத்தாண்டுகள் நிலைத்தது. ஆயின், 2019இல் அவர் நாட்டவரான கேலெப் ட்றெசல், துணியுடை அணிந்தே 49.50 செக்கனில் அதனை முறியடித்தார்; 2021இல் தோக்கியோவில் 49.45 ஆகக் குறைத்தார்.

விதி இருமுறை துணைக்கருவியைப் பறித்தது. இருமுறையும் மனித முயற்சி அதனையும் கடந்து சென்றது. குறுக்குவழி அடைபட்டதென வருந்தும் மாணாக்கர் இதனை உள்ளத்திற் கொள்வாராக.