கட்டங்களும் கேள்விக்குறிகளும்: கணினியில் தமிழ் எங்கே தொலைகிறது?



கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள் நம் பெரியவர்கள். அந்தப் பழமொழி கணினித் திரைக்கும் பொருந்தும்.

ஒரு சங்கத்தின் செயலாளர் 300 உறுப்பினர்களின் பெயர்களைத் தமிழில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இருமுறை பதிவான பெயர்களை நீக்கித் தருவதாக, கல்லூரியில் கணினி படிக்கும் அவருடைய மகள் முன்வருகிறாள். பைத்தான் நிரல்மொழியின் கட்டளைச் சாளரத்தைத் திறந்து பட்டியலை வரவழைக்கிறாள். பெயர்களுக்குப் பதிலாகக் கறுப்புத் திரையில் வெறும் கட்டங்கள் தெரிகின்றன. "அப்பா, இதுக்குத் தமிழ் வராதுப்பா" என்கிறாள். பதறிப்போன தந்தை கோப்பை வேறொரு மென்பொருளில் திறந்து, வேறு வடிவத்தில் சேமித்துப் பார்க்கிறார். இப்போது எல்லாப் பெயர்களும் கேள்விக்குறிகளாகி நிற்கின்றன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதலில் தெரிந்த கட்டங்களால் ஓர் ஆபத்தும் இல்லை. அவசரப்பட்டுச் செய்த சேமிப்புதான் பெயர்களை அழித்தது.

எழுத்து அல்ல, எண்

கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் பட்டியலைத்தான் குறியாக்கம் என்கிறோம். ஒரு காலத்தில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பட்டியலை வைத்திருந்தன. ஒருவர் அனுப்பிய கடிதத்தை இன்னொருவர் படிக்க முடியவில்லை. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கச் சிங்கப்பூரின் நா.கோவிந்தசாமி, மலேசியாவின் முத்து நெடுமாறன் போன்றோர் உழைத்தார்கள். 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின.

இன்று உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவாக யூனிகோட் எனும் ஒருங்குறி இருக்கிறது. அதில் ‘த’ என்ற எழுத்தின் எண் 2980. அதைக் கோப்பில் எழுதும் முறைதான் யூடிஎஃப்-8. கென் தாம்சன், ராப் பைக் என்ற இருவர் 1992இல் வகுத்த முறை இது. இதன்படி ‘த’ 224, 174, 164 என்ற மூன்று எண்களாகப் பதிவாகிறது. எல்லாத் தமிழ் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் இப்படி மும்மூன்று எண்கள்தாம். முதல் எண் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. நோயைக் கண்டுபிடிக்கும் துப்பு இதில்தான் இருக்கிறது.

மூன்று அறிகுறிகள்

முதலாவது, கட்டங்கள். எண்கள் சரியாகவே உள்ளன. அந்தச் சாளரத்தின் எழுத்துருவில் தமிழ் இல்லை, அவ்வளவுதான். கண் சரியாக இருக்கிறது, கண்ணாடிதான் சரியில்லை.

இரண்டாவது, குப்பை எழுத்துகள். தலையில் கோடு போட்ட ஒரு ரோமன் எழுத்தும், வட்டத்துக்குள் அடைபட்ட ஓர் எழுத்தும் மாறி மாறி வரும். தலைக்கோட்டு எழுத்து மேற்கத்தியப் பட்டியலில் 224; வட்டத்துக்குள் இருப்பது 174. அதாவது, தமிழ்க் கோப்பை மேற்கத்தியப் பட்டியலை வைத்துப் படித்திருக்கிறது கணினி. பெரும்பாலும் இதைத் திருத்திவிடலாம்.

மூன்றாவது, கேள்விக்குறிகள். தமிழுக்கு இடமே இல்லாத பட்டியலில் சேமித்ததால், எழுத்து போய் அதன் இடத்தில் கேள்விக்குறியே பதிவாகிவிட்டது. இதற்கு மருந்து இல்லை. பழைய நகல் இருந்தால்தான் பிழைப்பு.

கணினியையே கேளுங்கள்

திரையைப் பார்த்து முடிவு செய்யாமல் கட்டளைச் சாளரத்திலேயே விசாரிக்கலாம். பைத்தானில் ‘ஆர்ட்’ என்றொரு கட்டளை உண்டு. ஓர் எழுத்தைக் கொடுத்தால் அதன் எண்ணைச் சொல்லும். பட்டியலின் நடுவிலிருந்து தமிழரசி என்ற பெயரை எடுத்து, அதன் முதல் எழுத்தைக் கேளுங்கள். 2980 என்று வந்தால் தமிழ் பத்திரமாக இருக்கிறது. எழுத்துருவை மாற்றினால் போதும். 224 என்று வந்தால் தவறான பட்டியலால் படித்திருக்கிறது. சரியான பட்டியலைச் சொல்லி மீண்டும் படிக்கச் செய்யுங்கள். 63 என்று வந்தால் அது கேள்விக்குறியின் எண். அந்தக் கோப்பில் தமிழ் இல்லை.

புள்ளி செய்யும் கலகம்

விண்டோஸ் கணினியில் தமிழ்க் கோப்பைத் திறக்கும்போது, 141ஆம் எண்ணைப் படிக்க முடியவில்லை என்று பைத்தான் நின்றுவிடுவதுண்டு. மாணவர்கள் மிரண்டுபோவது இங்கேதான். இதற்குக் காரணம் நம் மெய்யெழுத்தின் புள்ளி! புள்ளியின் மூன்று எண்கள் 224, 175, 141. விண்டோஸின் மேற்கத்தியப் பட்டியலில் 141ஆம் இடம் காலி. புள்ளி இல்லாமல் நாம் எத்தனை வரி எழுதிவிட முடியும்? ஆகவே தமிழ்க் கோப்பு என்றாலே அங்கு முட்டிக்கொள்கிறது. பிழை தமிழில் இல்லை, கோப்பிலும் இல்லை. எந்தப் பட்டியல் என்று நாம் சொல்லாமல் விட்டதுதான் பிழை.

தீர்வு என்ன?

கோப்பைத் திறக்கும் ‘ஓப்பன்’ கட்டளையிலேயே, குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று எழுதிவிட வேண்டும். படிக்கும்போதும் எழுத வேண்டும், சேமிக்கும்போதும் எழுத வேண்டும். 2018இல் வந்த 3.7ஆம் பதிப்பு முதல், எல்லாவற்றுக்கும் யூடிஎஃப்-8 முறையையே பயன்படுத்து என்று பைத்தானுக்கு மொத்தமாக ஆணையிடும் வசதியும் இருக்கிறது. லினக்ஸ் கணினி என்றால் அதன் மொழி அமைப்பு யூடிஎஃப்-8 என்று இருக்கிறதா என முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

ஒருங்குறிக்கு முந்திய காலத்துக் கோப்புகளுக்கு இந்த வழி உதவாது. அவற்றை எழுதிய பழைய குறியாக்கம் எது என்று அறிந்து, அதற்குரிய மாற்றியின் வழியே ஒருங்குறிக்குக் கொண்டுவர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பழக்கம் வேண்டும். தொடுவதற்கு முன் மூலக் கோப்பை நகல் எடுத்து வையுங்கள். காரணம் தெரியும்வரை சேமிக்காதீர்கள்.

அந்த மகள் ஓர் எழுத்தின் எண்ணைக் கேட்டிருந்தால் 2980 என்ற விடை வந்திருக்கும். தந்தையின் பட்டியல் பிழைத்திருக்கும். கணினிக்குத் தமிழ் வராது என்ற எண்ணமும் அவள் மனத்தில் வேர்விட்டிருக்காது. ஒரு தலைமுறை உழைத்து நம் எழுத்துக்கு உலகப் பட்டியலில் இடம் வாங்கிக் கொடுத்திருக்கிறது. தீர விசாரிக்காமல் அதை நாமே அழித்துவிடக் கூடாது.