சரிசெய்தது சரியாயிற்றா?

நேயர்களே, 2010 ஜூலை 5, திங்கட்கிழமை காலை நினைவிருக்கிறதா? கிளமெண்டி முதல் தேக்கா வரை டிபிஎஸ், பிஓஎஸ்பி ஏடிஎம் எதுவும் பணம் தரவில்லை. சுமார் ஏழு மணி நேரம்!

வங்கியின் தரவுச் சேமிப்பு அமைப்பைப் பெருங்கணினியோடு சேர்க்கும் இணைப்பில் சிறு கோளாறு. இரண்டு நாள் முன்பே எச்சரிக்கை வந்தது. பராமரிப்பை ஏற்றிருந்த ஐபிஎம் கம்பிவடத்தை மாற்றியது. கோளாறு திரும்ப வந்தது. திங்கள் அதிகாலை மூன்று மணியளவில், காலாவதியான அதே முறையில் மறுபடியும் மாற்றினார்கள். கணக்குகள் கெட்டுவிடக்கூடாது என்று சேமிப்பு அமைப்பு தானாகவே நின்றுகொண்டது. நின்றதே நல்லது! ஆக, கோளாறைவிடப் பழுதுபார்த்த விதம்தான் ஊரை முடக்கியது.

மென்பொருளிலும் இதே கதைதான். சேமிப்பு வட்டுகளைக் கட்டுப்படுத்தும் கருவிக்கு ‘டிரைவர்’ என்றொரு நிரல் உண்டு. அதில் பிழை திருத்தினால், முதலில் பழைய நிரலில் அதே பிழையை வரவழைத்துப் பார்க்க வேண்டும். வரவழைக்க முடியாத பிழை தீர்ந்தது என்பதற்கு என்ன சாட்சி? பிறகு, தரவு எழுதப்படும்போதே வடத்தைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். திருத்தியவர் அல்லாத இன்னொருவர் வரிவரியாகப் படிக்கவும் வேண்டும்.

சிங்கப்பூர் நாணய ஆணையம் அந்த வங்கியைக் கூடுதலாகச் சுமார் 230 மில்லியன் வெள்ளி மூலதனம் ஒதுக்கச் சொன்னது. கிளமெண்டி சாலையிலுள்ள நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கணினி படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்: எழுத எத்தனை மணி நேரம், சோதிக்க எத்தனை?